எதிர்க்கட்சி குடியிருந்த மேல்மாடி

பாராளுமன்ற ஆட்சியில் உள்ள கோளாறுகள் அத்தனையையும் இந்த நாட்டில் முதன்முதலில் கண்டுபிடித்தவர் எந்தப் பேராசிரியரும் அல்ல. அவர் கண்டி திருகோணமலை வீதியில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், கோடியறையில் குடியிருந்தார். குட்ஷெட்டில் கிளாக்கர் வேலை. பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் கண்டி டவுனில் அவருக்கு ஒரே பெயர்தான்: எதிர்க்கட்சி. வெற்றிலைக் கடைக்காரன்கூட, "எதிர்க்கட்சி ஐயா, வெத்தலை வேணுங்களா?" என்றுதான் கூப்பிடுவான். வேண்டாம் என்பார். ஏன் வேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்வார். பிறகு வாங்கிக்கொண்டு போவார்.

இன்று பத்திரிகையைத் திறந்தால் பாராளுமன்றத்தில் நடக்கும் கூத்தைப் படித்துவிட்டு நீங்கள் தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். எனக்கு அப்படி எதுவும் தோன்றுவதில்லை. முப்பதுகளின் தொடக்கத்திலேயே நான் அதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். அதுவும் சாப்பாட்டு மேசையில், பக்கத்தில் ரசச் சட்டியை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

உத்தியோகத்துக்கு வந்த கலியாணமாகாத ஆண்கள் சேர்ந்து ஒரு வீடெடுத்து, ஒரு சமையற்காரனையும் வைத்துக்கொண்டு வாழ்வதற்கு அப்போது சமறி என்று பெயர். எங்கள் சமறியில் ஒன்பது பேர். யாழ்ப்பாணத்தார், மலைநாட்டார், மட்டக்களப்பார் என்று கலந்துகட்டி இருந்தோம். நான் அட்டன் பக்கத்துப் பையன். ஓர் இரும்புக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். எங்களுக்கெல்லாம் மூத்தவர் சவரிமுத்து மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அரசாட்சி முறைகளைச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்து, அவரே அதில் மயங்கிப்போயிருந்தார். மாதத்துக்கு ஒருவர் சாமான் வாங்கிப் போட்டு வீட்டைக் கவனிக்கும் பழைய ஏற்பாடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கெடுத்தவர் மாஸ்டர்தான்.

கொழும்பில் அந்த நாளில்தான் புதிய அரசாங்க சபை வந்தது. அதில் கட்சி கிடையாது. அங்கத்தவர்கள் ஏழு குழுக்களாகப் பிரிந்துகொண்டு, குழுவுக்கு ஒரு மந்திரியைத் தெரிந்தெடுத்து, எல்லோரும் சேர்ந்தே அரசாங்கமாக இருந்தார்கள். மாஸ்டர் இதைப் பத்திரிகையில் படித்தார். படித்த கையோடு எங்களையும் ஏழு குழுக்களாகப் பிரித்துவிட்டார். சமையல் குழு, மராமத்துக் குழு, சுகாதாரக் குழு, உள்வீட்டு விவகாரக் குழு என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒன்பது பேரில் ஏழு பேர் மந்திரிகள் ஆனோம். மாஸ்டர் சபாநாயகர். மிஞ்சியவர் ஒருவர்தான்.

அந்த ஒருவர் எழுந்து நின்று கேட்டார்.

"எல்லாரும் அரசாங்கம் எண்டால், எதிர்க்கிறது ஆர்?"

மாஸ்டர் பத்திரிகையைப் புரட்டிப் பார்த்தார். அதில் பதில் இல்லை.

"அப்ப நான்தான்" என்றார் அவர். "எங்கட ஊர் ஆக்கள் உந்தத் தேர்தலே வேண்டாம் எண்டு விட்டிட்டினம். யாழ்ப்பாணத்துக் கதிரையள் கொழும்பில சும்மா கிடக்கு. அந்தக் கதிரையில இருந்து எதிர்க்க வேண்டியதையெல்லாம் நான் இந்தக் கதிரையில இருந்து எதிர்க்கிறன்."

சொல்லிவிட்டுத் தம்முடைய கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையின் மறுபக்கத்தில் போட்டார். அன்றிலிருந்து மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் எட்டுப் பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் அவர் ஒருவர் கைகால் நீட்டி வசதியாக உட்கார்ந்தார்.

பிறகு அவர் எதிர்க்காத பொருளே கிடையாது. ரசத்தில் உப்பை எதிர்த்தார். உப்பைக் குறைத்தால் அதையும் எதிர்த்தார். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனார். டாக்டர் நாடி பார்த்து மலேரியா என்றார். அதை ஆட்சேபித்து மருந்து வாங்காமல் வந்து, மூன்று போர்வைக்குள் கிடந்து நடுங்கினார். சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது காதோரம் எவ்வளவு எடுப்பது என்பதில் சலூன்காரருக்கும் அவருக்கும் விவாதம் வந்து, விவாதம் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று முழுவதும் ஒரு பக்கம் வெட்டிய தலையோடு குட்ஷெட்டில் மூட்டை எண்ணினார்.

எங்கள் சமறியில் ஒருவருக்குக் கட்டுகஸ்தோட்டையில் பெண் பேசி நிச்சயம் செய்யப் போனோம். தட்டு மாற்றப் போகும் சமயம் பெரியவர் ஒருவர், "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். எதிர்க்கட்சி குடையைத் தூக்கிவிட்டார். கூட்டத்தில் அவர் பேச விரும்பினால் அதுதான் சைகை. பெண்ணின் தகப்பனாருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. உள்ளே யாரோ அழத் தொடங்கினார்கள்.

"மாப்பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. பொம்பிளையிலயும் இல்லை" என்றார் எதிர்க்கட்சி. "ஆனால் ஒருதரும் எதிர்க்கேல்லை எண்டால் ஒருதரும் யோசிக்கேல்லை எண்டு அர்த்தம். ஆராவது எழும்பி இந்தக் கலியாணம் ஏன் நல்லது எண்டு சொல்லுங்கோ. நான் இருக்கிறன்."

வேறு வழியில்லாமல் மாப்பிள்ளைப் பையனே எழுந்தான். வியர்க்க விறுவிறுக்க, தனக்கு அந்தப் பெண்ணை ஏன் பிடித்திருக்கிறது என்று பத்துப் பேர் நடுவில் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே பிடித்துப்போயிற்று. கதவுக்குப் பின்னால் நின்ற பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்க்கட்சி திருப்தியோடு உட்கார்ந்தார். அந்தத் தம்பதி கடைசிவரை சண்டை போடாமல் வாழ்ந்ததாகக் கேள்வி.

இப்படி அவர் எதிர்த்துக்கொண்டே இருந்தாலும், வாக்கெடுப்பில் ஒரு தடவைகூட வென்றதில்லை. நாங்கள் அவர் பேசும்போது நகம் கடிப்போம், காலை நீட்டிச் சொடக்கெடுப்போம், முடிந்ததும் கையைத் தூக்கி அவரைத் தோற்கடித்துவிட்டுச் சாப்பிடப் போவோம். அவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கவலைப்பட வேண்டியவர்கள் நாங்கள்தான். குழு ஆட்சி வந்த பிறகு அந்த வீட்டில் ஒரு வேலையும் நடக்கவில்லை. என் கட்டிலுக்கு நேர் மேலே ஓடு உடைந்து ஒழுகியது. ஓடு மராமத்துக் குழுவின் விஷயம். ஒழுகுகிற தண்ணீர் சுகாதாரக் குழுவின் விஷயம். நனைகிற ஆள் உள்வீட்டு விவகாரம். மூன்று குழுக்களும் தனித்தனியாகக் கூடி என் நிலைமைக்கு மனமார வருந்தின. கண்டி மழை உங்களுக்குத் தெரியும். நான் குடை பிடித்துக்கொண்டு தூங்கப் பழகினேன். இத்தனைக்கும் மராமத்து மந்திரி நானேதான்.

இந்த நிலைமையில்தான் அந்தோணியின் பிரச்சினை வந்தது.

அந்தோணி எங்கள் சமையற்காரன். தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பையன். அவனுடைய மனைவி மதலேன் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில் இருந்தாள். ஆறு மாதக் கைக்குழந்தை. தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒருநாள் காலை பாணும் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தோணி போகாமல் நின்றான்.

"ஐயா, எம் பொஞ்சாதிக்குப் பேரு வெட்டிட்டாங்க. வேலைய விட்டு நிப்பாட்டி பத்துச்சீட்டும் குடுத்துட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள காம்பராவ விடணுமாம்."

"விட்டுட்டு எங்கே போறது?" என்றார் மாஸ்டர்.

"கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்புறாங்களாம். அங்க எங்களுக்கு யாருங்க இருக்கா? அவ பொறந்ததே தெல்தோட்டையில. பின்னால அந்தச் சாமான் அறை சும்மாதானே கெடக்கு. அதுல ரெண்டு பேரையும் வச்சுக்கிறேங்க. ஒரு சத்தம் வராம பாத்துக்கிறேன்."

எங்களில் ஒருவருக்காவது மறுப்பு இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். எல்லோருக்கும் சம்மதம்தான். அந்தோணியின் கையால் தின்று வளர்ந்த உடம்புகள். "அதுக்கென்ன, கூட்டிட்டு வா" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் சமறிச் சட்டத்தில் பெண்கள் தங்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முறைப்படி செய்வோம்" என்றார்.

முறைப்படி செய்தோம். மனைவி உள்வீட்டு விவகாரக் குழுவுக்குப் போனாள். அறை மராமத்துக் குழுவுக்கு வந்தது. குழந்தை சுகாதாரக் குழுவுக்கு என்று ஒருவரும், இல்லை, வருங்காலத்தில் படிக்கப் போகிறதால் கல்விக் குழுவுக்கு என்று இன்னொருவரும் இழுத்துக்கொண்டார்கள். கூடுதல் அரிசி சமையல் குழுவுக்குப் போனது. ஒவ்வொரு குழுவும் ஆதரவாகவே முடிவெடுத்து, மற்றக் குழுக்களின் முடிவு வரட்டும் என்று காத்திருந்தது. அந்தோணி ஒவ்வொரு நாளும் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்போது எங்கள் முகத்தைப் பார்ப்பான். நாங்கள் நம்பிக்கையாகத் தலையாட்டுவோம். மாதம் தேய்ந்துகொண்டே வந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை முழுச் சபையும் கூடிப் பிரேரணை வந்தது. மாஸ்டர் பள்ளிக்கூட மணியை அடித்தார். அந்தோணி குசினிக் கதவோரம் அகப்பையோடு நின்றான். பிரேரித்தவர் பேசவில்லை. ஆமோதித்தவரும் பேசவில்லை. எல்லோருக்கும் சம்மதமான விஷயத்தில் என்ன பேச்சு என்று இருந்துவிட்டார்கள்.

எதிர்க்கட்சி குடையைத் தூக்கினார்.

அவர் எதிர்ப்பார் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்று அவர் பேசிய பேச்சு வேறு தினுசு. ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார்.

"பிள்ளை அழும். சோதினைக்குப் படிக்கிற நீர் என்ன செய்வீர்?" என்று ஒருவரைக் கேட்டார். "வீட்டில ஒரு பொம்பிளை நிண்டால், நீங்கள் இடுப்பில துவாயோட பைப்படிக்குப் போவியளோ?" என்று இன்னொருவரைக் கேட்டார். "சமறிக்குள்ள பொம்பிளை இருக்கு எண்டு ஊரில தாய் தேப்பன் கேள்விப்பட்டால், உங்களுக்குக் கலியாணம் பேச ஆர் வருவினம்?" என்றார் பொதுவாக. "வீட்டுக்கார ஹாஜியார் தனி ஆம்பிளையளுக்கெண்டு குடுத்த வீடு. நாளைக்குக் கட்டிலைத் தூக்கி றோட்டில போட்டால் ஆர் பொறுப்பு? மராமத்துக் குழுவோ?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் சொன்ன ஒவ்வொன்றும் எங்களில் ஒவ்வொருவருடைய வயிற்றுக்குள்ளும் ஏற்கெனவே இருந்த பயம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு அடக்கி வைத்திருந்தோம். அவர் தோண்டியெடுத்து மேசையில் வைத்துவிட்டார். பேசி முடித்துவிட்டு வழக்கம்போல் மார்பில் கைகட்டி உட்கார்ந்தார்.

வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக என் கையும் பக்கத்தில் இருந்தவர் கையும் மட்டும் எழுந்தன. மற்றவர்கள் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேரணை தோற்றது.

எதிர்க்கட்சி வென்றுவிட்டார்.

அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விளையாட்டுக்குத் தள்ளிய சுவர் நிஜமாகவே விழுந்துவிட்ட ஆள் மாதிரி நின்றார்.

"என்ன செய்து போட்டியள்?" என்றார்.

"நீங்கதானே அண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றார் எங்களில் ஒருவர்.

"நான் சொல்லுவன்! சொல்லுறது என்ட வேலை. பதில் சொல்லுறது உங்கட வேலை. எட்டுப் பேர் இருந்தியள். ஒருதருக்கும் வாய் இல்லையோ? கேட்டுக்கொண்டா இருக்கிறது?"

மாஸ்டர் மெதுவாகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, தோற்ற பிரேரணையை அதே சபை ஆறு மாதத்துக்குத் திரும்ப எடுக்கக்கூடாது என்று வாசித்தார். அதுவரை அந்த வீட்டில் ஒரு பிரேரணையும் தோற்றதில்லை என்பதால், அப்படி ஒரு விதி இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். ஆறு மாதத்தில் மதலேனும் குழந்தையும் எந்தக் கரையில் இருப்பார்களோ.

அந்தோணி குசினியிலிருந்து சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"ஐயாமாரு பேசி முடிச்சிட்டீங்கன்னா சாப்பிடுங்க. ஆறிப் போவுது" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அந்த மேசையில் இருந்த ஒவ்வொருவர் மேலும், முக்கியமாக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மேல், அடக்கமுடியாத ஆத்திரம் வந்தது.

"சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. நாளைக்கே கூட்டிட்டு வந்து உள்ள விடுவோம்" என்றேன்.

"கூடாது" என்றார் எதிர்க்கட்சி. "இண்டைக்குச் சட்டத்தை மீறி உள்ளுக்கு விட்டால், நாளைக்கு ஒருதன் சட்டத்தைக் காட்டி வெளியில போடுவான். வாறவள் உரிமையோட வரவேணும். பொறும். நான் கெடுத்தது. நான்தான் பாக்கவேணும்."

மறுநாள் காலை என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு கீழே துணிக்கடைக்கு இறங்கினார். வீட்டுக்காரர் ஹாஜியார் அங்கே சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தார். எதிர்க்கட்சி வளைத்து வளைத்துப் பேச்சைத் தொடங்கினார். குத்தகை, நிபந்தனை, தனி ஆம்பிளைகள் என்று வந்தபோது ஹாஜியார் முழக்கோலைக் கீழே வைத்தார்.

"ஆரு சென்ன பொம்பளைங்க வரப்படாதுன்டு?"

"நீங்கள்தானே..."

"நான் எப்ப சென்ன? அல்லாஹ்வே! ஒங்களப் போல தடிமாடுங்க ஒம்பது பேரு மேல ஈக்கியதுதான் எனக்குப் பயம். ஒரு புள்ள பொஞ்சாதி ஈந்தாத்தானே ஊடு ஊடா ஈக்கும். இத்தன நாளும் ஏன் என்கிட்டக் கேக்கல்ல?"

எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஏழு குழு கூடினோம், எத்தனையோ தீர்மானம் போட்டோம். கீழே இறங்கிப் போய் வீட்டுக்காரரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. எதிர்க்கட்சி என்னைக் கடைக்கு வெளியே அனுப்பிவிட்டு ஹாஜியாரோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார். வெளியே வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது.

மேலே வந்து மாஸ்டர் முன்னால் நின்றார்.

"மாஸ்டர், தோற்ற பிரேரணையை அதே சபைதானே திரும்ப எடுக்கக்கூடாது?"

"ஆமா, அதே சபைதான்."

"சபையைக் கலைச்சால்?"

மாஸ்டரின் கண்கள் விரிந்தன. சபையைக் கலைப்பது என்பது அவருடைய நெடுநாள் ஆசை என்று அப்போதுதான் தெரிந்தது. "கலைக்கலாம்" என்றார். "ஆனா அரைகுறையாக் கலைக்க முடியாது. அங்கத்தவர் எல்லாரும் வெளியேறணும். மூட்டை முடிச்சோட."

"வெளியேறுவம்" என்றார் எதிர்க்கட்சி.

ஆகவே அடுத்த வாரம், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கண்டி திருகோணமலை வீதியில், நல்ல தூறலில், ஒன்பது உத்தியோகத்தர்கள் தங்கள் கட்டில், பெட்டி, பாய், அலுமாரி, கதிரை சகிதம் மாடியிலிருந்து இறங்கி வீதியோரம் நின்றோம். சாப்பாட்டு மேசை வாசலில் சிக்கும் என்று மாஸ்டர் பயந்தார். குழுக்கள் கலைந்துவிட்டபடியால் அது ஒரு நிமிஷத்தில் இறங்கிவிட்டது. சாவியைக் கொண்டுபோய் ஹாஜியார் கையில் கொடுத்தோம். சமறி என்று ஒன்று அந்தக் கணத்தில் உலகத்தில் இல்லை.

பூசைக்குப் போய்த் திரும்பியவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வாடகை கொடுக்காமல் துரத்தப்பட்டோம் என்று ஒருவர் இரக்கப்பட்டார். பொலிஸ்காரர் ஒருவர் வந்து, "மொகத மே?" என்று, இது என்ன கூத்து என்பதைச் சிங்களத்தில் கேட்டார். மாஸ்டர் அவருக்குக் கலைப்பு என்றால் என்ன என்று ஆதியிலிருந்து விளக்கத் தொடங்கினார். பொலிஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவசர வேலை இருப்பதாகப் போய்விட்டார்.

மனைவியைக் கூட்டிவா என்று மட்டும் சொல்லி எதிர்க்கட்சி முதல் நாளே அனுப்பிவைத்திருந்த அந்தோணி, அந்த நேரம் பார்த்துத் தெல்தோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். தலையில் ஒரு தகரப் பெட்டி. பின்னால் மதலேன், கம்பளிக்குள் குழந்தையை மூடிப் பிடித்துக்கொண்டு. வீதியில் எங்கள் சாமான்களையும் நனைந்த எங்களையும் பார்த்ததும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"எங்களாலயா ஐயா?" என்றான் அந்தோணி. "எங்களாலயா ஒங்களையும் வெளிய போட்டுட்டாங்க?"

மதலேன் அழுதுவிட்டாள். "வாங்க, போயிருவோம்" என்று புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். போவதற்கு அவர்களுக்கு ஓர் இடமும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். விளக்கம் சொல்ல வாயெடுத்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

ஹாஜியார் கடையிலிருந்து குடை பிடித்துக்கொண்டு சாவியோடு வந்தார். மாஸ்டர் அதை வாங்குவதற்காகக் கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனார். ஹாஜியார் அந்தக் கையைக் கடந்துபோய், மதலேனின் முன்னால் நின்றார்.

"இந்தா புள்ள, புடி. தனி ஆம்புளைங்களுக்கு இனி நான் ஊடு குடுக்கிய இல்ல. குடும்பத்துக்குத்தான்."

மதலேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். எங்களுக்கும் அதே விழிப்புத்தான்.

எதிர்க்கட்சி மழைக்குப் பிடித்திருந்த குடையை மடக்கினார். மடக்கிய குடையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"ஒழுங்குப் பிரச்சினை!" என்றார். "இப்ப சமறியும் இல்லை, சட்டமும் இல்லை. வீடு இந்தத் தங்கச்சியின்ட கையில. அவவை உள்ளுக்கு விடுறதோ எண்டது கேள்வி இல்லை. எங்களை உள்ளுக்கு விடுறதோ எண்டதுதான் கேள்வி. தங்கச்சி, நீர் சொல்லும்."

ஒன்பது பேரும் மதலேனைப் பார்த்தோம். அவள் அந்தோணியைப் பார்த்தாள். பிறகு எங்கள் நனைந்த தலையணைகளைப் பார்த்தாள்.

"மழையில எதுக்குங்க நிக்கிறீங்க? எல்லாரும் உள்ள வாங்க" என்றாள்.

பிரேரித்தவர் இல்லை, ஆமோதித்தவர் இல்லை, குழு இல்லை. ஒரு மாதமாக நாங்கள் செய்ய முடியாததை அவள் ஒரு மூச்சில் செய்துவிட்டு மாடிப்படி ஏறத் தொடங்கினாள். எதிர்க்கட்சிக்கு மட்டும் மனம் கேட்கவில்லை.

"ஒருதரும் எதிர்க்கேல்லையோ?" என்றார் வீதியில் நின்றபடி.

கம்பளிக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டது. கடைவீதி முழுவதும் கேட்டிருக்கும்.

"பதிவாகட்டும்" என்றார் அவர், நிம்மதியாக.

சாவியை மதலேன் கையில் கொடுக்கும் யோசனை ஹாஜியாருடையது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். பல மாதம் கழித்து, பெருநாளுக்கு வேட்டி எடுக்கப் போனபோதுதான் ஹாஜியார் என்னிடம் சொன்னார். "அது அந்தக் குடைக்காரர்ட யோசன. ஒருத்தருக்கும் செல்லப்படாதுன்டு என்ட கையப் புடிச்சிக் கேட்ட. எதிர்க்கட்சிக்காரன் ஒரு யோசன சென்னான்டு தெரிஞ்சா மானம் போயிருமாம்" என்றார்.

நான் மேலே வந்து எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அந்தச் சனிக்கிழமையே எதிர்க்கட்சிக்கு நன்றி தெரிவிக்கும் பிரேரணை வந்தது. குழுக்களை நாங்கள் திரும்ப அமைக்கவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தை மட்டும் விடவில்லை. மதலேன் குசினி வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எதிர்க்கட்சி குடையைத் தூக்கினார். தம்மைப் போன்ற ஒரு மனிதருக்கு நன்றி சொல்வது ஏன் தவறு என்று வெளுத்து வாங்கினார். மதலேனுக்கான பிரேரணையைத் தோற்கடித்ததே தாம்தான் என்றார். பிடிவாதக்காரன் என்றார். ஓர் ஏழைப் பெண்ணை அழ வைத்தவன் என்றார். இவ்வளவு நாள் அந்த மேசையில் பேசிய பேச்சுகளில் அதுதான் மிகச் சிறந்தது. அவர் முடித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்.

இந்த முறை நாங்கள் கை தூக்கிவிட்டுச் சாப்பிடப் போகவில்லை. முதலில் நான் எழுந்தேன். அவர் சொன்ன முதல் குற்றச்சாட்டை எடுத்துப் பதில் சொன்னேன். நான் உட்காருமுன் அடுத்தவர் எழுந்தார். சோதினைக்குப் படித்தவர், துவாய்க்காரர், ஒருவரும் மிஞ்சவில்லை. ஒவ்வொருவரும் அவருடைய ஒவ்வொரு வாதத்தையும் பிடித்து உலுக்கினார்கள். மாஸ்டர் சபாநாயகர் பேசக்கூடாது என்ற விதியை மறந்து பேசினார். கடைசியில் குசினிப் பக்கத்திலிருந்து அந்தோணி, "நானும் ஒண்ணு சொல்லலாங்களா?" என்றான். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். வாக்கெடுப்பில் அவருடைய கையைத் தவிர எல்லாக் கைகளும் எழுந்தன.

பிறகு நான் எத்தனையோ சபைகளைப் பார்த்துவிட்டேன். வென்றவர்களின் ஊர்வலங்களையும் பார்த்துவிட்டேன். அன்று தோற்றுப்போய், எங்கள் எல்லோருடைய பதிலையும் கேட்டுவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் போல மகிழ்ச்சியாக இருந்த ஒருவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. நான் என் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.